சாமுவேல் அண்ணனின் C

அக். 6, திங்கள்

காலையிலேயே தூறல். துணி காயவில்லை. சிறுசேரி வரை பஸ்ஸில் நின்றபடியே. ஆபீசில் சம்பளக் கணக்கு முடிக்கும் வாரம், தலை நிமிர நேரமில்லை. ஆனாலும் மேசைக்கு அடியில் இடது கை தன்பாட்டுக்கு C, F, G, Am பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. சபையில் கீபோர்டு வாசிக்கும் சாமுவேல் அண்ணன் எழுதிக் கொடுத்த நாலு கிடார் கோர்டு. பக்கத்து சீட் வித்யா: "கையில இன்னா கலா, நரம்பு இழுக்குதா?"

வீட்டுக்கு வந்தால் குண்டு. மகள் ஷைனி தன் எலக்ட்ரிக் கிடாரைப் போனில் விற்பனைக்குப் போட்டுவிட்டாள். கூடுவாஞ்சேரியிலிருந்து ஒருத்தர் வந்து பார்க்கிறாராம்.

"ஒரே விரலால ஆறு கம்பியையும் அமுக்கணுமாம், ஆள வுடு" என்று F வராமல் ஜூலையில் மூலையில் சாத்திய மகராசி. அன்றிலிருந்து அதைத் துடைத்து, கம்பி மாற்றி, தினமும் தட்டித் தடவி வாசிப்பது நான்.

"என் பொறந்த நாளுக்கு வாங்கினது தானேம்மா? அப்ப என்துதானே?"

பிளஸ் ஒன் படிக்கிறது, சட்டம் பேசுகிறது.

அணுபுரத்தில் ஒயரிங் வேலை முடித்து வந்த இவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் தீர்ப்பு: "ஞாயித்துக்கெழம அறுப்பின் பண்டிகைல ஒரு பாட்டு வாசி. முழுசா, நிறுத்தாம. வாசிச்சிட்டா கிடாரு உன்து. இல்லாங்காட்டி சாயந்தரம் அந்தாளு வந்து எடுத்துகினு போவட்டும்."

"சரி" என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும்.

அக். 8, புதன்

மாவு அரைக்க. கேஸ் புக்கிங். நகம் வெட்ட (இடது கை மட்டும்). அறுப்பின் பண்டிகைக் காணிக்கைக்குப் பூசணிக்காய்.

விடியும்போதே கரண்ட் போச்சு. பரவாயில்லை, ஆம்ப் பெட்டி இல்லாமலே வாசித்தேன். எலக்ட்ரிக் கிடாரில் அது ஒரு சௌகரியம். ஒயரைச் சொருகாவிட்டால் கொசு சத்தம்தான், தூங்குகிறவர்கள் தூங்கலாம்.

பெரிய F இன்னும் வரவில்லை. நாலு கம்பியை மட்டும் பிடிக்கும் சின்ன F வருகிறது! C-யிலிருந்து அதற்குத் தாவும்போது எனக்கு நாக்கு வெளியே வருகிறதாம். ஷைனி வீடியோ எடுத்துக் காட்டினாள். ஆமாம், வருகிறது.

இந்த வயசில் ஏன் இந்தப் பாடு? எனக்குப் பாட வராது. குரல் தகர டப்பா. சபையில் எல்லாரும் பாடும்போது வாயை மட்டும் அசைப்பேன், சின்ன வயசிலிருந்தே. பண்டிகை வந்தால் என் இடம் பிரியாணி அண்டா பக்கம். ஒரு தடவையாவது பாட்டுக்கு உள்ளே நிற்க ஆசை. வேறொன்றும் இல்லை. கிடார் போனால் மறுபடியும் அண்டாதான்.

ரசம் பொங்கி அடுப்பெல்லாம் நாசம்.

அக். 10, வெள்ளி

ஒத்திகை. மானம் கப்பலேறியது.

ரெபேக்கா அக்கா பாட்டு, சாமுவேல் அண்ணன் கீபோர்டு, நான். இதுவரை எங்கள் சபையில் கிடாரே கிடையாது, அதனால் எல்லாருக்கும் ஆர்வம்.

"C தானேண்ணே?"

"C தாம்மா. நான் எப்பவும் C தான்."

அடித்தேன். நாய் வாலை மிதித்த மாதிரி ஒரு சத்தம். மறுபடி. அதே. ரெபேக்கா அக்கா காதைப் பொத்திக்கொண்டு, "கலா, டியூன் பண்ணியா இல்லியா?" பண்ணினேனே! ஆறு கம்பிக்கும் போனில் டியூனர் பச்சை காட்டியதே!

அண்ணன் நல்ல மனுஷன். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணு பண்ணும்மா. அன்னிக்கு சத்தத்த சுத்தமா கம்மி பண்ணிட்டு, சும்மா கைய ஆட்டு. யாருக்கும் தெரியாது."

வாயை அசைத்தது போய், இனி கையை அசைக்க வேண்டுமா?

வீட்டுக்கு வந்து இவரிடம், "அந்தாள வரச் சொல்லுங்க" என்றேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தால் ஷைனி தானாகவே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளே பாத்திரத்தைத் தொட்டாள் என்றால் என் முகம் எப்படி இருந்திருக்கும்.

அக். 11, சனி

காலையில் நல்ல வெயில். துணி காய்ந்தது. சங்கரா மீன்.

மீன் கழுவி முடித்து, ஷைனி எடுத்த ஒத்திகை வீடியோவைப் போட்டேன். எங்கே தப்பு என்று தெரியாமல் சாப்பாடு இறங்காது. தொடக்கத்தில் அண்ணன் ஒற்றை விரலால் C-யை அழுத்திப் பிடிக்கிறார். வீடியோ ஓடும் என் போனுக்குப் பக்கத்தில் இவருடைய போனை வைத்து, அதில் சுருதி காட்டும் டியூனர். அது D காட்டியது. திரும்பப் போட்டேன். D!

"ஷைனி! ஓடியா!"

பார்த்தாள். "அம்மா, அவரு விரல் C-ல கீது. சத்தம் D-ல வருது!"

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, கீபோர்டுல ஏதாச்சும் பட்டன அமுக்கி வச்சிருக்கீங்களா?"

"ட்ரான்ஸ்போஸ் தாம்மா, ரெண்டு. ரெபேக்காவுக்கு சுருதி பத்தல. எனக்கு C-ய வுட்டா வேற எதுவும் வராது. பட்டன அமுக்கினா பொட்டியே ஏத்திக்கும். உன்துலயும் ஏறிக்காதா?"

"என் கிடாருல எப்படிண்ணே ஏறும்?"

நெற்றியில் தட்டிக்கொள்ளும் சத்தம் போனில் கேட்டது. பிறகு, "அட, ஆமால்ல!"

சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலி. தப்பு என்னுடையது இல்லை! தப்பு என்னுடையது இல்லவே இல்லை!

ஷைனி சொன்னாள், கிடார் கழுத்தில் மாட்ட ஒரு கிளிப் உண்டாம், கேப்போ. இரண்டாவது கட்டத்தில் மாட்டினால் என் C-யும் D ஆகிவிடுமாம். பிடிக்கிற விரல் மாறவேண்டாம். செங்கல்பட்டுக் கடையில் ஸ்டாக் இல்லை. இவர் வண்டியை எடுத்தார். மாமல்லபுரம் பீச் ஓட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு வாசிக்கும் ஆளைப் பிடித்து, இரவல் வாங்கி வந்துவிட்டார். வழியெல்லாம் மழை, தொப்பலாக நனைந்து.

"நாளைக்கு சாயந்தரம் திருப்பிக் குடுக்கணும். இல்லாங்காட்டி என் மானம் பூடும்."

கிடாரை அந்தாளு எடுத்துகினு போவட்டும் என்றதும் இதே மனுஷன்தான். தலையைத் துவட்டிவிட்டேன்.

அக். 12, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. சபையெல்லாம் கரும்பு, வாழைத்தார், பூசணி. காணிக்கைச் சேவல் ஒன்று ஜெபத்தின்போதும் கூவியது.

பாட்டு தொடங்கப் போகும் நேரம். ரெபேக்கா அக்கா அண்ணன் காதில் ஏதோ சொன்னாள். தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். அண்ணன் விரல் பட்டனுக்குப் போனது. என்னைப் பார்க்கவே இல்லை, பாவி! நான் பார்த்தேன். ஒரு அமுக்கு. இறக்கம், ரெண்டு ஒன்றானது. கேப்போவை ஒரு கட்டம் பின்னால் தள்ளி மாட்டினேன்.

C. சேர்ந்தது! அப்படியே ஒட்டிக்கொண்டது. அண்ணன் திரும்பிப் பார்த்து வாயைப் பிளந்தார். சின்ன F வந்தது. இரண்டாம் சரணத்தில் ஒரு G-யைக் கோட்டை விட்டேன், ஆனால் நிறுத்தவில்லை. முழுப் பாட்டு. முடிந்த பிறகுதான் தெரிந்தது, வாயை அசைக்க மறந்தே போயிருக்கிறேன்.

பிரியாணி அண்டா பக்கம் போகவில்லை. வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டேன். காணிக்கைப் பொருள் ஏலத்தில் என் பூசணியை சாமுவேல் அண்ணன் எடுத்தார்.

சாயந்தரம் கூடுவாஞ்சேரிக்காரர் போன். அடுப்படியிலிருந்து காதைத் தீட்டினேன். இவர் குரல்: "இல்லீங்க, கிடாரு குடுக்கறதா இல்ல. வூட்ல வாசிக்கறாங்க."

வாசிக்கறாங்க! எனக்கு இவர் வாயிலிருந்து 'ங்க' வருவது கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

காபி போட்டுக் கொண்டுவந்தால் கிடார் ஷைனி மடியில். "அம்மா, அந்த சின்ன F எப்டி?" காட்டினேன். வந்துவிட்டது அவளுக்கு. கத்தினாள். விடவில்லை. இன்னும் விடவில்லை.

"குடுடி, என் கிடாரு."

"பத்து நிமிஷம்மா. என் பொறந்த நாளு கிடாரு."

இவர் கேப்போவைக் கேட்டு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் தருவதாக இல்லை.