சபாபதி பிள்ளையின் ஓய்வுப் பேச்சு

ஐப்பசி 9, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். சைக்கிள் எடுக்கவில்லை. குடைக்கம்பி ஒன்று ஒடிந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

மத்தியானம் நடேசன் வந்தார். சபாபதி பிள்ளையின் மைத்துனர். பிள்ளை ஓய்வு எடுத்துக்கொள்கிறாராம். ஞாயிறு மாலை உபசாரக் கூட்டம். அங்கே அவர் பேச வேண்டியதை நான் எழுதித் தர வேண்டும்.

கையில் ரொக்கம் சேர்ந்தால் பாங்கியில் போடுவதா, நிதியில் போடுவதா, நிலம் வாங்குவதா என்று இருபது வருஷமாக இந்த ஊருக்கு யோசனை சொன்னவர் பிள்ளை. இப்போது ஏன் ஓய்வு? அறுபதுகூட ஆகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார் நடேசன். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

ஒரு வரி மட்டும் கட்டாயம் வர வேண்டுமாம். போட்ட பணம் போட்ட இடத்திலேயே இருக்கட்டும், தை பிறக்கும் வரை யாரும் அசைக்க வேண்டாம் என்று. ஏன் தை? அத்தான் அப்படித்தான் சொன்னார் என்றார்.

ஆவுடையார்கோவிலில் இருக்கும் தங்கை மீனாட்சியின் பணமும் பிள்ளை சொன்ன இடத்தில்தான், கீழ வீதி நிதியில். புருஷன் போனபின் நிலத்தை விற்ற பணம். தையில் மகள் கமலாவுக்குக் கல்யாணம். பிள்ளையிடம் மீனாட்சியை அழைத்துப் போனவன் நான்.

ஐப்பசி 10, வெள்ளி

வெயில் கொஞ்சம். பேச்சு முடிந்தது, மூன்று பக்கம். அடக்கமாகவே எழுதினேன். 'ஒருவரையும் நான் அவசரப்படுத்தியதில்லை' என்ற இடம் நன்றாக வந்திருக்கிறது. நடேசன் கேட்ட வரி கடைசிப் பக்கத்தில்.

பிள்ளை வீட்டுக்குப் போனேன். கூடத்தில் நாற்காலியில் இருந்தார். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "யாரு?" என்றார். குரல் கொடுத்த பிறகுதான், "நிருபரய்யாவா, வாங்க வாங்க" என்றார்.

தாளை அவரிடம் நீட்டினேன். நடுவில் நடேசன் வாங்கிக்கொண்டு சத்தமாகப் படித்தார். காதால் கேட்டால்தான் நடை தெரியுமாம். பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கத்தில் ஆட்டம் நின்றது.

"இது யாரு போட்டது?"

"நீங்கதானே அத்தான் அன்னைக்குச் சொன்னீங்க."

காப்பி வந்தது. பிள்ளை முக்காலியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு டம்ளரை எடுத்தார்.

திரும்பும் வழியில் ஜவுளிக்கடை ராவுத்தர். ஞாயிறு கூட்டம் பற்றிப் பேச்சு. கீழ வீதி நிதிக்கு நடேசன் டைரக்டராகி இரண்டு வருஷமாம். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதது அதைவிட ஆச்சரியம். "அதுக்கு முந்தி பிள்ளை நாலு எடம் சொல்லுவாரு, நீயே பாத்துக்கம்பாரு. இப்ப யாரு போய்க் கேட்டாலும் அங்கிட்டே போடச் சொல்றாரு" என்றார் ராவுத்தர்.

குடை ரிப்பேர் செய்தாயிற்று. அதிகம் கேட்டான்.

ஐப்பசி 11, சனி

பலத்த மழை. மீனாட்சியிடமிருந்து கார்டு. கமலாவுக்குச் சேலை எடுக்க எப்போது வரட்டும் என்று கேட்டிருக்கிறாள். பணம் விஷயம்: 'பிள்ளைவாள் கூட்டத்தில் என்ன சொல்கிறாரோ அப்படியே செய்வோம் அண்ணா. பேப்பரில் பார்த்துக்கொள்கிறேன்.'

பதில் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுத? சந்தேகத்தைக் கார்டில் எழுதினால் முதலில் படிப்பவர் தபால்காரர். சாயங்காலத்துக்குள் ஆவுடையார்கோவில் முழுக்கப் பரவிவிடும். எழுதவில்லை. நானே போய்ப் பணத்தை எடுக்கவும் முடியாது. ரசீது அவளிடம், கையெழுத்தும் அவளுடையது.

மூன்று மணிக்குப் பிள்ளை வீடு. நடேசன் பூமாலைக்குச் சொல்லப் போயிருந்தார். பேச்சைத் திருத்தி வந்திருக்கிறேன் என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தேன். போன வருஷம் ஆவூர் மாதா கோயில் தேர் பற்றி நான் எழுதியதன் நகல். பிள்ளை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வாண வேடிக்கை இருந்த பக்கத்தில் நெடுநேரம் கண்ணை ஓட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

வாங்கி மடித்துக்கொண்டேன். தங்கை பணத்தை எடுக்கலாமா என்று கேட்டேன். வாய் திறந்தார். வாசலில் நடேசனின் செருப்புச் சத்தம். "நாளைக்குக் கூட்டத்துக்கு வாங்க" என்றார்.

ஆக:
கண் தெரியவில்லை. எவ்வளவு காலமாக?
பேப்பரும் கணக்கறிக்கையும் படித்துச் சொல்வது நடேசன். அதைக் கேட்டு ஊருக்குச் சொல்வது பிள்ளை.
தை வரை அங்கே என்ன நடக்க வேண்டியிருக்கிறது?

அச்சில் போட ஒன்றும் இல்லை. சந்தேகம் செய்தியாகாது.

ஐப்பசி 12, ஞாயிறு

மழை விட்டது. கூட்டம் ஐந்துக்கு. பேப்பர் ஆபீஸ் இருக்கும் திருச்சிக்குக் கடைசி பஸ் நாலுக்கு. இப்படி அமைந்தால் பேச்சின் நகலை வாங்கி, கூட்டம் நடந்ததாகவே எழுதி, கவரைக் கண்டக்டரிடம் முன்கூட்டிக் கொடுத்துவிடுவது வழக்கம். எல்லா நிருபர்களும் செய்வதுதான். இதுவரை எனக்கு ஒருதரமும் தவறியதில்லை.

அந்த வரியை அடித்தேன். அப்புறம் மறுபடி எழுதினேன். அவர் பேசப்போவதில் என் இஷ்டப்படி வெட்ட எனக்கு என்ன பாத்தியதை? கவர் போயிற்று.

மண்டபம் நிரம்பியிருந்தது. மாலை, வெள்ளி டம்ளர், வாழ்த்து. பிள்ளை கையில் தாள் இல்லை. மனப்பாடமாக வந்தது. முன்வரிசையில் நடேசன் நகலில் விரல் வைத்து நகர்த்திக்கொண்டே இருந்தார். கடைசிப் பக்கத்தில் பிள்ளை நிறுத்தினார். மறந்துவிட்டதென்று நினைத்து நடேசன் மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

"எனக்கு ஞாபகம் இருக்கு மாப்ளே. அந்த வரிய நான் சொல்ல மாட்டேன்" என்றார் பிள்ளை. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். திரும்பிய திசை கொஞ்சம் தப்பு. தூணைப் பார்த்துப் பேசினார்.

"ரெண்டு வருசமா எனக்கு எழுத்து தெரியலைங்க. வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய சொல்லல. படிச்சுக் காட்டுனதக் கேட்டு ஒங்களுக்குச் சொன்னேன். அது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியாது. பணம் போட்டவங்க நேர்ல போய்ப் பாருங்க. காலையிலயே போங்க."

யாரும் கை தட்டவில்லை. பின்னாலிருந்து நாற்காலிகள் நகரும் சத்தம்.

தந்தி ஆபீஸுக்கு ஓடினேன். ஞாயிறு. அடைத்துவிட்டார்கள்.

ஐப்பசி 13, திங்கள்

அறந்தாங்கி. பஸ் நிற்கும் நேரத்தில் எழுதுகிறேன். மேகமூட்டம்.

காலையில் நிதி வாசலில் கூட்டம். கதவு திறந்துதான் இருந்தது, உள்ளே ஒவ்வொருவராக விட்டார்கள். மீனாட்சியை ரசீதோடு அழைத்துவர ஆவுடையார்கோவில் பஸ் பிடித்தேன். கிளம்பும்போது கண்டக்டர் பேப்பர்க் கட்டுகளைக் கொண்டுவந்து என் சீட்டுக்கு அடியில் தள்ளினார். "காலக் கொஞ்சம் நகத்துங்கய்யா." நகர்த்தினேன்.

முன் சீட்டுக்காரர் ஒன்றை வாங்கிப் பக்கத்திலிருந்தவருக்குப் படித்துக் காட்டினார். மூன்றாம் பக்கம். கமா மாறாமல் என் எழுத்து. போட்ட பணம் போட்ட இடத்திலேயே இருக்கட்டும் என்று பலத்த கரகோஷத்தினிடையே திரு. பிள்ளை கூறினார். கரகோஷமும் நான் போட்டதுதான்.

"பிள்ளையே சொல்லிட்டாரு. நம்ம ஏன் கெடந்து அலையணும், அடுத்த ஊர்ல எறங்கித் திரும்பிருவோம்" என்றார் பக்கத்திலிருந்தவர். ஆவுடையார்கோவிலில் இருக்கும் ரசீதை எடுத்துவரப் புறப்பட்டவராம்.

அவர் அப்படிச் சொல்லவில்லை, நான் கூட்டத்தில் இருந்தேன் என்றேன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். முன் சீட்டுக்காரர் தாளில் விரலை வைத்துக் காட்டினார்.

"நமது நிருபர்னு போட்டிருக்குங்க. அவரும்தான் கூட்டத்துல இருந்திருக்காரு. அவரு என்ன பொய்யா எழுதுவாரு?"

அந்த நிருபர் நான்தான் என்றேன். சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவர் அடுத்த ஊரில் இறங்கிக்கொண்டார்.

இங்கே இரண்டு கட்டு இறங்கியது. ஆவுடையார்கோவில் கட்டு இன்னும் காலடியில்.