எல்லோரும் டீ குடித்த ஞாயிற்றுக்கிழமை

அக்கா,

நீங்கள் இருந்த வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. தாழ்ப்பாளில் வளையமாகக் கட்டியிருந்த பனியன் துணியை அவிழ்த்து வாசலில் போட்டிருந்தார்கள். விரலால் இழுக்க முடியாமல் போனபோது, மணிக்கட்டை நுழைத்து இழுப்பதற்காக நீங்கள் கட்டச் சொன்ன துணி. பள்ளிக்குப் போகிற வழியில் அதைப் பார்த்ததும் உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவர் நீங்கள். தசை வலுவிழக்கும் நோயில் முதலில் கத்தரிக்கோல் கைநழுவியது. பிறகு படி ஏற முடியவில்லை. பிறகு கட்டிலிலிருந்து நீங்களாக எழ முடியவில்லை. பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடியை வைத்துவிட்டு, ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்று எழுந்திருப்பார்கள். நீங்கள் விடமாட்டீர்கள். "இப்பவே சொல்லுதேன், உக்காருங்க" என்பீர்கள்.

கம்பெனியில் சட்டைக்குக் கை தைப்பவர் காலர் தைப்பதில்லை அல்லவா, அதுபோல ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்துக் கொடுத்தீர்கள். மாடு கறந்து உரமேறிய கை என்பதால் உங்களைத் தூக்கி நடத்துவது வீட்டு ஓனரம்மாவுக்கு. எண்ணெய் தேய்த்துக் கால் நீவுவது பீகாரிலிருந்து வந்த ரேகா அக்காவுக்கு. இரவுச் சோறு என் அம்மாவுக்கு. நான் புத்தகம் வாசித்துக் காட்டுவதாக ஆசையோடு சொன்னேன்.

"எங் கண்ணு நல்லாத்தாம்ட்டி இருக்கு. கைதான் போச்சு. தலையப் பின்னிவிடு" என்றீர்கள்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி வேனோடு வந்தார். உங்கள்மேல் பாசமானவர். தனியாகக் கிடக்க வேண்டாம், ஊருக்கு வா என்றார். இந்த வீட்டையும் எங்களையும் விட்டுப் போக உங்களுக்கு மனமில்லை. இவர்கள் என்னைப் பார்த்துக்கொள்வதைச் சாயங்காலம் வரை இருந்து பார், அதற்குப் பிறகும் கூப்பிட்டால் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். ஆனால் ஒருவரும் வேலையில் கை வைக்கவில்லை. கூடப் பிறந்தவர் இருக்கும்போது நாம் முந்திக்கொண்டு செய்வது மரியாதையில்லை என்று நினைத்துவிட்டோம். ஓனரம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, உங்கள் ஊரில் மழை உண்டா என்று தம்பியிடம் பணிவாக விசாரித்தார். நான் சீப்பை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். தம்பியே எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். விருந்தாளிகளைப்போல ஊதி ஊதிக் குடித்தோம்.

அவர் உங்கள் பக்கம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "எக்கா, இவியளா ஒன்னப் பாத்துக்கிடுதாவ? டீ குடிக்கதுக்குல்லா வந்திருக்காவ."

வேன் டிரைவருக்குப் போன் செய்யக் கைப்பேசியை எடுத்தார். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அப்போது, கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு மேலே ஒலித்திருக்கும் அந்தக் குரலில் சொன்னீர்கள்: "ஓனரம்மா, எனக்கு பாத்ரூம் போகணும். தூக்குங்க."

அறையில் உங்கள் தம்பியும் அக்கம்பக்கத்து ஆண்களும் இருந்தார்கள். ஓனரம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "இதா வந்துட்டேன் கண்ணு."

அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீங்கள் திரும்பி வருவதற்குள் ரேகா அக்கா எண்ணெயைச் சூடாக்கிவிட்டார், அம்மா சோற்றைக் குழைத்துவிட்டார். நான் கட்டில் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் நடுவில் நின்றவர் உங்கள் தம்பிதான்.

"ஒனக்கும் வேல இருக்குல. அந்த கிளாசுகளக் கழுவு" என்றீர்கள் அவரிடம்.

கழுவினார். வேன் காலியாகத் திரும்பிப் போனது. கடைசி மூச்சுவரை நீங்கள் உங்கள் கட்டிலில்தான் இருந்தீர்கள்.

அன்று பின்னல் போடும்போது உங்கள் காதருகே கேட்டேன், அத்தனை பேர் முன்னால் கேட்க வெட்கமாக இல்லையா என்று.

"இருந்துச்சுட்டி. நெறையவே இருந்துச்சு. கேக்கலன்னா இந்நேரம் வேன்ல இருந்திருப்பேன்" என்றீர்கள்.

போன வாரம் அம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மளிகைக்கடை அத்தை பார்க்க வந்தார். கிளம்பும்போது, "எதாச்சும் வேணும்னா சொல்லு கண்ணு" என்றார். ஒன்றும் வேண்டாங்க என்று வாய்வரை வந்துவிட்டது. முகம் சூடாகியது, அக்கா. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"வேணுங்கத்தை. அம்மாவக் குளிக்க வைக்கோணும். என்னால ஒருத்தியாத் தூக்க முடியலீங்க" என்றேன்.

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தார்.