அழாத ஆசானின் வீட்டிலிருந்து

அன்பு மகள் ரோங்குக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீ நலமா என்று கேட்கக் கை வரவில்லை, பிள்ளையை மண்ணில் வைத்து ஒரு மாதம்கூட ஆகாதவளிடம் அதை எப்படிக் கேட்பது. உன் கடிதத்தைச் சீ நாட்டு உப்பு வியாபாரி கொண்டுவந்து கொடுத்து நாலு நாள் ஆகிறது. காய்ச்சல் கண்டது, மூன்றாம் நாள் போனது எல்லாம் படித்து அழுதேன். அதற்குக் கீழே எழுதியிருந்தாயே, "ஷென் அண்ணன் செத்தப்போ அப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையாமே, அவரோட பொண்ணு நீ இப்படி அழலாமான்னு இவர் கேக்குறார், அதனால நான் இப்ப அழறதில்லம்மா" என்று, அதைப் படித்ததும் அழுகை நின்று ஆத்திரம் வந்துவிட்டது. உன் புருஷன் பாவ் ஜிங் மேல் பாதி ஆத்திரம். ஆறு வருஷம் இந்த வீட்டுக் கூழைக் குடித்துப் பாடம் கேட்டவன் கற்றுக்கொண்டது இதுதானா. மீதிப் பாதி, கற்றுக்கொடுத்தவர் மேல்.

உன் அண்ணன் போனபோது அவனுக்கு ஏழு வயது, உனக்கு மூன்று. உனக்கு எதுவும் நினைவிருக்காது. அப்போது உன் அப்பா ஆசானெல்லாம் இல்லை, அரசுக் குதிரை லாயத்தில் சின்ன உத்தியோகம். அந்தக் குளிர்காலத்தில் சூயி ஆறு உறைந்து கிடந்தது. ஷென் அக்கரைக்கு நடந்து போகிறேன் என்று அடம் பிடித்தான், நான் கையைப் பிடித்து இழுத்து உள்ளே உட்கார வைத்தேன். உன் அப்பாதான், "பனி நல்லாத் தாங்கும், பிள்ளையைக் கட்டிப் போடாதே, அவன் போக்குல விடு" என்றார். விட்டேன். நடு ஆற்றில் உடைந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் தகப்பன் வாசலில் நின்று அலறி அழுவதுதானே முறை, இவர் கல் மாதிரி நின்றார். வழிப்போக்கராக வந்த ஒரு படித்தவர் ஏன் அழவில்லை என்று கேட்டதற்கு, "ஆத்து மேல மூடுபனி கூடுச்சு, கலைஞ்சு போச்சு, இதுக்கு யாரை நினைச்சு அழறது" என்று சொன்னார். அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சு ஊர் ஊராகப் போனது. இளவட்டங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடம் கேட்க வந்தார்கள். அரசர் பதவி தருகிறேன் என்று வண்டி அனுப்பினார், இவர் வேண்டாம் என்றார், அதனால் பெயர் இன்னும் பெரிதானது. கிணற்றடியில் நான் அழுதால் மட்டும், "ஆசானம்மா இன்னும் பக்குவப்படலை" என்று இவருடைய சீடர்கள் என் காதுபடப் பேசினார்கள். ஆனால் ஷென் போன மூன்றாம் நாள் உச்சிப் பொழுதில் தினை எடுக்கக் கிடங்குக்குப் போனேன். உன் அப்பா தினைக் குவியல் மேல் குப்புறக் கிடந்தார். சத்தம் வெளியே வராமல் இருக்க ஷென்னின் துணிச் செருப்பை வாயில் திணித்துக் கடித்திருந்தார், உடம்பு முழுக்கத் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். இருபத்திரண்டு வருஷம் அதை யாரிடமும் சொல்லவில்லை. அது என் தப்பு. அவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து உன் கண்ணீரைப் பறிகொடுத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே உன் அப்பா பாடம் சொல்லும் மல்பெரி மரத்தடிக்குப் போனேன். பதினோரு சீடர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவன் தூ சி, அவர் வாயைத் திறந்தாலே மூங்கில் பட்டையில் எழுதிக் கோத்து வைப்பவன். எல்லார் முன்னாலும் கடிதத்தைச் சத்தமாக வாசித்து, "அன்னிக்கு அழுதீங்களா இல்லையா, இவங்க எதிர்ல சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் பேசவில்லை. தூ சி தூரிகையை மையில் தோய்த்து, "ஆசான் மௌனத்தாலே பதில் சொல்றார்" என்றான். "மௌனமும் இல்ல மண்ணும் இல்ல, மனுஷனுக்குத் தொண்டை அடைக்குதுடா" என்று சொல்லிவிட்டு அவன் மடியிலிருந்த பட்டைக் கட்டைப் பிடுங்கி, அந்த மூடுபனி வரியைத் தேடி எடுத்து, பிழை சுரண்ட அவன் வைத்திருக்கும் கத்தியாலேயே சுரண்டினேன். எழுத்தர் வீட்டில் பிறந்தவள், எனக்கு அது கைவந்த வேலை. தூ சி பதறிப்போய், "நூறு ஊர்ல இதைப் படிச்சுத்தாம்மா மனசைத் தேத்திக்கிறாங்க" என்றான். "என் பொண்ணு தேத்திக்கலை, உள்ளுக்குள்ளே செத்துக்கிட்டிருக்கா" என்றேன். அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தார். "சுரண்டட்டும் விடு. நான் அழுதேன். பனி தாங்கும்னு சொன்னவனே நான்தான், எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஊர் முன்னாடி அழுவேன்" என்றார். அன்றைக்கே இரண்டு சீடர்கள் பாயைச் சுருட்டினார்கள். நாற்பது நாள் நடந்து வந்தது இதற்குத்தானா என்று ஒருவன் என் காதில் விழும்படி கேட்டுவிட்டுப் போனான். போகட்டும்.

இதனால் அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. இரண்டு நாளாகக் கூழை வைக்கிறேன், அவர் தொடவில்லை, நானும் கெஞ்சவில்லை. நீ அழு ரோங். கிடங்குக்குள் போய் அழாதே, முற்றத்தில் நின்று தெருவுக்கே கேட்கும்படி அழு. பாவ் ஜிங் குறுக்கே வந்தால் எங்கள் அம்மா அழச் சொல்லியிருக்கிறாள் என்று சொல். பால் கட்டிக்கொண்டு வலித்தால் வெந்நீரில் துணியை நனைத்துப் போடு, வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதே. இஞ்சி தட்டிப் போட்டுக் கூழ் குடி. உன் உடம்பு தேறட்டும், கண் நிறையத் தூக்கம் வரட்டும், வானம் உன் தலைமேல் இனி நல்லதையே இறக்கட்டும்.

ஒன்று மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்திருப்பவர் உன் அப்பாதான். பன்னிரண்டு நாள் வழி, இந்த வயதில், வண்டி பிடித்துத் தருகிறேன் என்றேன், நடந்தே போகிறேன் என்றார், போங்கள் என்றுவிட்டேன். அவரை வாசலிலேயே நிறுத்தி வை. தூ சியிடம் சொன்னதை உன் புருஷனிடம் அவர் தம் வாயாலேயே சொல்லட்டும். மூடுபனி, ஆறு என்று ஆரம்பித்தால் கதவைச் சாத்து. உன் முகத்தைப் பார்த்து அவருக்குப் பேச்சு வராமல் அழுகை வந்தால் மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் கூழ் ஊற்று.

இப்படிக்கு,
ஷென்னையும் உன்னையும் பெற்ற அம்மா