பழைய கம்ப்யூட்டரில் இருந்த கல்யாணப் பத்திரிகை

786

ஸ்ரீவில்லிபுத்தூர்
4-8-1998

அன்பான பேத்தி சௌதாவுக்கு, நீயும் மாப்பிள்ளை ஹமீதும் அல்லாஹ்வின் காவலில் நலமாயிருக்கத் துஆ கேட்டு உன் நன்னி ரஹ்மத் பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

முழங்கால் வீக்கம் வடியவில்லை. பஸ் படியில் கால் வைத்தாலே உயிர் போகிறது. அதனால்தான் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறவளுக்குத் தபாலில் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புப் படித்தவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். கூட்டிப் படித்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்திருந்தபோது உங்கள் கடைக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னார். ஒரு பத்திரிகை அடித்து முடிப்பதற்குள் மூன்று தடவை நின்றுபோகிறதாமே. உள்ளே இருக்கிற சாமானை மட்டும் மாற்றி அதையே ஓட்டலாமா, மொத்தமாகப் புதுசு வாங்கலாமா என்று யோசிக்கிறீர்களாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? புதுசு வாங்குங்கள். பழசை மதுரைக் கடைக்காரனே எடுத்துக்கொள்வானாம். கொடுத்துத் தொலையுங்கள்.

அது உன் கடைக்கு வந்தது 1993 பிப்ரவரி 11, வியாழக்கிழமை. பெட்டியை இறக்கும்போது உன் மாமியார் டி.வி. வந்திருக்கிறது என்று தெருவுக்கே சொன்னாள். அந்தக் கூத்தில் எனக்கு ஒரு வாய் டீ கொடுக்க மறந்துபோனாள். அவள் மறந்தாள், நான் மறக்கவில்லை. ஐந்தரை வருடம் உழைத்துவிட்டது. போதும்.

உன் சின்ன நன்னா, என் தம்பி அசன் முகம்மது, வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்து இங்கே வந்து டீ குடித்துவிட்டுத்தான் போகிறான். மூன்று வருடமாக ஒரு வெள்ளிக்கிழமை தவறவில்லை. இருபத்திரண்டு வருடம் என் வாசலை மிதிக்காமல் இருந்தவன். எனக்கு இப்போது அது ஒன்றுதான் சந்தோஷம்.

பதில் போடு. புதுசு என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் நன்னி
ரஹ்மத் பீவி


இராஜபாளையம்
9-8-1998

மரியாதைக்குரிய நன்னிக்கு, சௌதா அன்புடன் எழுதிக்கொண்டது. வ அலைக்கும் சலாம். காலுக்குத் தைலம் கொடுத்தனுப்புகிறேன். தேய்க்காமல் அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். கைப்பிடி போன கரண்டியைக்கூடப் பழைய பாத்திரக்காரனிடம் போடாத நன்னியா இப்படி எழுதுவது?

மதுரையிலிருந்து வந்து கம்ப்யூட்டர் பார்க்கிற சோலைராஜ் அண்ணன் இரண்டு வழி சொல்கிறார். மதர்போர்டையும் ராமையும் மாற்றிப் புது ஹார்ட் டிஸ்க் போட்டால் இன்னும் மூன்று வருடம் ஓடும். பழைய ஹார்ட் டிஸ்க்கையும் கூடவே மாட்டிக்கொள்ளலாம். புதுசு வாங்கினால் விண்டோஸ் 95, கலர் மானிட்டர் எல்லாம் வரும்; ஆனால் பழசை முழுசாகக் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் இதுவரை அடித்த பத்திரிகைகள், பேண்டேஜ் கம்பெனி லேபிள்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அதே லேபிளைத் திரும்பக் கேட்டு வருவார்கள். அதனால் எனக்கு முதல் வழிதான் சரி என்று படுகிறது. அவர் 20-ம் தேதி வருகிறார். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, வேண்டாததை அழித்துவிடலாம் என்றிருக்கிறார்.

தேடுவது சிரமமாக இருக்காது. முத்தாத்தாள் இங்கே டைப் அடித்தபோது எல்லாவற்றையும் தேதிவாரியாக வைத்திருந்தாள். அவளுக்குப் பிறகு வந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த ஒழுங்கு வரவில்லை. என் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில் மட்டும் அவள் அந்தப் பிசகு செய்யாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் இங்கேதான் இருந்திருப்பாள். உயிரோடு இருக்கிற சின்ன நன்னா பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்று அடித்து, நானூறு வீட்டுக்கு அவரை இறந்தவர் என்று சொல்லிவிட்டோமே. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. என்ன செய்ய, போனது போகட்டும்.

உங்கள் பேத்தி
சௌதா


786

ஸ்ரீவில்லிபுத்தூர்
13-8-1998

பேத்தி சௌதாவுக்கு சலாம்.

தைலம் வந்தது. தேய்க்கிறேன். ஆனால் நான் சொன்னதை நீ கேட்கவில்லை.

ஊர் பேர் தெரியாத ஒருத்தன் வந்து நம் கடைச் சாமானை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பானாம், நீ பக்கத்தில் நின்று காட்டுவாயாம். அதில் எம்புட்டுப் பேர் வீட்டுச் சமாச்சாரம் இருக்கும்? யாருக்கு எத்தனையாவது கல்யாணம், எந்தக் கம்பெனிக்காரன் எந்தப் பெயரில் லேபிள் ஒட்டுகிறான், எல்லாம் அவன் பார்க்க வேண்டுமா? உனக்குப் புத்தி எங்கே போனது?

பணம்தான் தடை என்றால் என் இரட்டை வடச் சங்கிலி இருக்கிறது. உன் நன்னா மவுத்தாவதற்கு முந்தின பெருநாளுக்கு வாங்கிக் கொடுத்தது. அவருக்கு மருந்து வாங்க வேண்டியிருந்தபோதுகூட அதை நான் கழற்றவில்லை. மாப்பிள்ளையை வரச் சொல், கழற்றித் தருகிறேன். புதுசு வாங்குங்கள். 20-ம் தேதிக்கு முன்னால் வாங்குங்கள்.

அந்த முத்தாத்தாள் பேச்சை எதற்கு எடுத்தாய்? பிசகு செய்தாள், போனாள். நான் அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். என் ஞாபகத்தில் எது தப்பியிருக்கிறது, சொல்.

ரஹ்மத் பீவி


இராஜபாளையம்
21-8-1998

நன்னிக்கு,

சோலைராஜ் அண்ணன் நேற்று வந்து பழைய ஃபைல்களைத் திறந்தார். தங்கச்சி கல்யாணப் பத்திரிகையும் இருந்தது. முத்தாத்தாள் அதை இரண்டு தடவை சேமித்திருக்கிறாள். 20-7-95 காலையில் நானும் உங்கள் மாப்பிள்ளையும் படித்துப் பார்த்துச் சரி சொன்னது ஒன்று. அதில் 'மர்ஹூம்' இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் சேமித்தது இன்னொன்று. அதில் இருக்கிறது.

பக்கத்துக்கு வெளியே, அச்சில் விழாத ஓரத்தில், யார் வந்து என்ன திருத்தம் சொன்னார்கள் என்று அடித்துவைப்பது முத்தாத்தாளின் வழக்கமாம். அவள் அடித்த ஃபைல் எல்லாவற்றிலும் அப்படி இருக்கிறது. கடை நடத்துகிற எங்களுக்கு இத்தனை நாள் அது தெரியவில்லை. அந்த இரண்டாவது பத்திரிகையின் ஓரத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"20-7-95 மாலை. நன்னி வந்து பார்த்தார்கள். அசன் முகம்மது பெயருக்கு முன் மர்ஹூம் சேர்க்கச் சொன்னார்கள். உயிரோடு இருக்கிறாரே என்று மூன்று தடவை கேட்டேன். போடு என்றார்கள்."

நன்னி, நான் அவளிடம் ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை. நீங்கள் சொன்னீர்கள் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. வாசலில் நிற்கவைத்துப் போகச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே செருப்பை மாட்டினாள். தப்புச் செய்தவள், பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சௌதா


786

ஸ்ரீவில்லிபுத்தூர்
26-8-1998

சௌதா,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. மடித்து மடித்துப் பிரித்ததில் தாள் கிழிந்துவிட்டது.

நான்தான் போடச் சொன்னேன்.

1973-ல் உன் நன்னா மவுத்தானபோது அசன் முகம்மது தேனிக்கு ஏலக்காய் எடுக்கப் போயிருந்தான். தந்தி போனது. வரவில்லை. மய்யித்தை அடக்கத்துக்கு எடுக்கிறவரை நான் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் வந்து, லாரி கிடைக்கவில்லை என்றான். என்னைப் பொறுத்தவரை நீயும் மவுத்து என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். இருபத்திரண்டு வருடம் அதையே சொல்லிச் சொல்லி என் வாய்க்குப் பழகிப்போனது. அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பிள்ளை பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து அவன் பெயரைச் சொன்னதும், மர்ஹூம் என்று போடு என்றேன். அவள் கேட்டாள். மூன்று தடவையும் கேட்டாள். எனக்கு ரோஷம் ஏறிக்கொண்டே போனது. ஓரத்தில் என்னமோ அடித்தாளே, அது என்ன என்றேன். "நீங்க சொன்னதத்தான் நன்னி குறிச்சு வைக்கேன்" என்றாள். அதனால் அது உள்ளே இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும்.

ஆகஸ்ட் 2, புதன்கிழமை அவன் உன் கடைக்கு வந்தான். நீ பின்கட்டில் இருந்தாய். நான் நாற்காலியில், அவள் மெஷின் முன்னால். பத்திரிகையை மேசையில் வைத்தான்.

"அக்கா, நான் எப்ப மவுத்தானேன்? பிளவக்கல்லுல இருந்து ஒருத்தன் துக்கம் கேக்க அழுதுகிட்டே வந்தான். நான்தான் கதவத் திறந்தேன்" என்றான்.

சண்டைக்கு வந்தவன் மாதிரி இல்லை சௌதா. தாடியெல்லாம் நரைத்து, எங்கள் அத்தா மாதிரியே நின்றான். இருபத்திரண்டு வருடம் கழித்து என்னை அக்கா என்றான். நான் உண்மையைச் சொன்னால் திரும்பிப் போய்விடுவான். "இந்தப் பிள்ளை தப்பா அடிச்சிருச்சுடா" என்றேன்.

அவள் கை மவுஸ் மேல் இருந்தது. திறந்து காட்ட ஒரு நிமிஷம் ஆகாது. காட்டவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் அவளை ஏசினான், பிறகு சிரித்தான், என் கையைப் பிடித்தான். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து டீ குடிக்க வந்தான்.

என் ஞாபகத்தைக் கேட்டுத்தான் இந்தத் தெருவில் வழக்குத் தீர்ப்பார்கள். அதை வைத்தே ஒரு பிள்ளை பிழைப்பைக் கெடுத்தேன். அந்த மெஷினை ஏன் ஒழிக்கச் சொன்னேன் என்று இப்போது உனக்குத் தெரியும். உன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று தெரியவில்லை.

ரஹ்மத் பீவி


இராஜபாளையம்
31-8-1998

நன்னிக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

முத்தாத்தாள் செட்டியார்பட்டியில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணிக் கம்பெனி ஒன்றில் பேண்டேஜ் சுருட்டுகிறாளாம். தப்பாக அடிப்பவள் என்று பெயர் விழுந்ததால் வேறு எந்தக் கடையிலும் டைப்பிங் வேலை கொடுக்கவில்லையாம். இது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. நான் போய் மன்னிப்புக் கேட்பேன். அது என் பங்குக்குத்தான் ஆகும்.

சின்ன நன்னாவிடம் நான் சொல்லமாட்டேன். கம்ப்யூட்டரை அப்படியே வைத்திருக்கிறேன். புதுசு என்று நீங்கள் எழுதினால், உள்ளே இருப்பதோடு சேர்த்து மதுரைக்கு அனுப்பிவிடுகிறேன். பிறகு நான் எதுவும் கேட்கமாட்டேன். பழசையே சரி பண்ணு என்று எழுதினால் அந்தப் பத்திரிகை எங்கள் கடையிலேயே இருக்கும். எது என்று நீங்கள் சொல்லுங்கள்.

சௌதா


786

ஸ்ரீவில்லிபுத்தூர்
20-9-1998

பேத்தி சௌதாவுக்கு, நன்னி எழுதுவது.

பழசையே சரி பண்ணு. முதலிலேயே அதை எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 4, வெள்ளிக்கிழமை அசன் முகம்மது வந்தான். டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தால் சொல்லாமலே விட்டிருப்பேன். பத்திரிகையில் அவனை மவுத்தாக்கினது நான் என்று சொன்னதற்கு அவன் கோபப்படவில்லை. அது அவனுக்கு எப்போதோ தெரிந்ததுபோலத் தலையை ஆட்டினான். பிறகுதான் முகம் மாறியது.

"அப்ப அந்தப் பிள்ளைய நான் ஏசினது?" என்றான்.

டீ ஆறிவிடும், குடி என்றேன்.

"நான் வரணும்னு ஒரு குமருப்பிள்ளை சோத்துல மண்ணப் போட்டியாக்கா? இத்தனை வெள்ளிக்கிழமையும் அதத்தான் நான் குடிச்சிட்டுப் போனேனா?" என்றான். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். 11-ம் தேதி வரவில்லை. 18-ம் தேதியும் வரவில்லை.

நேற்று முழங்கால் வலியோடு பஸ் ஏறி நான் செட்டியார்பட்டிக்குப் போனேன். கம்பெனி வாசலில் வேலை விடுகிறவரை நின்றேன். முத்தாத்தாள் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்தாள். என்னைக் கண்டதும் ஒதுங்கி நின்றாள். கூட வந்த பிள்ளைகள் இருக்கும்போதே சொன்னேன். நான் சொல்லித்தான் நீ அடித்தாய், நான் பொய் சொன்னேன் என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தை எனக்குச் சரியாக வாயில் வரவில்லை. பழக்கமில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீங்க மூணாவது ஆளு நன்னி. முதல்ல சௌதா அக்கா வந்தாக. போன வாரம் வெள்ளிக்கிழமையே அந்தப் பெரியவரு வந்துட்டாரு. ஏசினதுக்கு மன்னிச்சுக்கம்மான்னு கையெடுத்துக் கும்பிட்டாரு" என்றாள்.

என்னிடம் வராத முதல் வெள்ளிக்கிழமை அவன் போன இடம் அதுதான். எண்பது வயதை எட்டப்போகிறவன், தெரியாமல் செய்த குற்றத்துக்கு என்னை முந்திக்கொண்டு போய் நின்றிருக்கிறான்.

அன்றைக்கு ஏன் திறந்து காட்டவில்லை என்று அவளைக் கேட்டேன்.

"கல்யாண வீட்டுப் பெரியவுக நீங்க. நீங்களே சொல்லிருவீகன்னு நினைச்சேன். வெளிய அனுப்புன பொறவும் ஒரு வாரம் பார்த்தேன்" என்றாள்.

ஒரு வாரமாம். நான் எடுத்துக்கொண்டது மூன்று வருடம். அதுவும் மெஷின் பழுதானதால்.

திரும்ப வேலைக்கு வருவாயா என்றேன். சௌதா அக்காவும் அன்றைக்கே கூப்பிட்டார்கள் என்றாள். கடைக்குப் பத்திரிகை கொடுக்க ஆட்கள் நிற்கிற நேரத்தில் நான் வந்து, இதை எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் யோசிப்பாளாம். நியாயம்தான். இதில் பேரம் பேச எனக்கு வாயில்லை. வருகிற வியாழக்கிழமை பதினொரு மணிக்கு உன் கடைக்கு வருகிறேன். எனக்காக ஆளைக் குறைக்காதே. உன் மாமியார் இருந்தால் இருக்கட்டும்.

அசன் முகம்மது வீட்டுக்கு நான் போகவில்லை. எந்த முகத்தோடு போக? பள்ளிவாசலிலிருந்து அவன் வீட்டுக்குப் போகிற வழி என் தெருதான். இத்தனை வருடமும் அடுத்தவர் எனக்குச் செய்ததை நாள் கிழமையோடு வைத்திருந்தேன். நான் செய்த இதை மட்டும் வைக்க இடம் தெரியவில்லை. ஜும்ஆ முடிந்து ஆட்கள் வரும் சத்தம் கேட்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். அவன் உள்ளே வராமல் வாசலைத் தாண்டிப் போவதை நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டாம்.

உன் நன்னி
ரஹ்மத் பீவி