இடப்பக்கம் இழுத்த கார்

9 அக்டோபர் 1956, செவ்வாய்

மழை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்து நடந்து வரும்போது ரத்னபாய் டாக்டரின் பச்சை ஸ்போர்ட்ஸ் கார் பக்கத்தில் வந்து நின்றது. "கேறு பிள்ளே, நனையாத."

வெள்ளறடை எஸ்டேட் துரை சீமைக்குப் போகும்போது விற்ற இரண்டு சீட்டு வண்டி. இன்னும் இடப்பக்கம் இழுக்கிறது. டாக்டர் அக்கா ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருகிப் பிடித்தபடியே ஓட்டுகிறார்.

வருகிற ஒன்றாம் தேதி முதல் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் மதராஸ் ராஜ்யம், நாங்கள் கேரளம். அக்காவுக்கு நாகர்கோவிலில் வேலை.

"தோளு நோவுது மக்கா. மேஸ்திரி நேராக்கித் தந்தா கொண்டு போவேன். இல்லேண்ணா வித்துட்டு பஸ்சுல போவேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல.

10 அக்டோபர்

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

ஐம்பத்து நாலு. தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி மறியல். பஸ் இல்லை. திருவனந்தபுரத்தில் எனக்குக் கடைசிப் பரீட்சை. அப்பா விடியும் முன்னே போய் டாக்டர் வீட்டு வாசலில் நின்றார். அக்கா ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியை எடுத்தார். நெய்யாற்றங்கரை தாண்டினதும் காற்றில் என் ரிப்பன் பறந்து போயிற்று. அக்கா தன் கைக்குட்டையைத் தந்து, கட்டிக்கொள்ளச் சொன்னார். அப்படி ஒரு காலைநேரம் எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

பாலராமபுரத்துக்கு இப்பால் ரோட்டில் ஒரு கல். மறியலுக்காக நம்மாட்கள் உருட்டிப்போட்டது. நான் தூரத்திலேயே பார்த்தேன். டாக்டரிடம் 'பார்த்து ஓட்டுங்கள்' என்று நான் எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை. இடது சக்கரம் இடித்தது.

நான் பி.ஏ. ஆனேன். வண்டி அன்றிலிருந்து இழுக்கிறது.

13 அக்டோபர், சனி

அக்கா துணைக்குக் கூப்பிட்டார். பாறசாலையில் வேலாயுதன் மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை தறிநூலை இழுத்துக் கட்டி, டயர் நூலை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்தார். அடியில் படுத்துத் திருகினார். "இனி அம்பு மாதிரி போவும்."

இருவரும் ஏறி ரயில்வே கேட் வரை போனோம். இழுத்தது. மறுபடி அளவு: சரி. மறுபடி ஓட்டம்: இழுத்தது.

மேஸ்திரி கையை விரித்தார். "எனக்கு ஒக்காது டாக்டரே. வித்துப்போடுங்கோ."

அக்கா சாவியைப் பையில் போட்டார். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். நாங்கள் ஏறினால் வண்டி தாழ்கிறது, முன்சக்கரமும் லேசாகத் திரும்புகிறது. மேஸ்திரி அளந்ததெல்லாம் காலி வண்டியை. சொல்லேன், சுகுமாரி — கல்லைப் பார்த்த அன்றைக்கும் இப்படித்தானே வாய் மூடி இருந்தாய் —

"நாங்க இருக்கும்போ அளந்து பாருங்க மேஸ்திரி."

"பி.ஏ. படிச்சா காறும் நேராக்கலாமோ?"

பக்கத்து டீக்கடை முழுக்கச் சிரிப்பு. காது எரிந்தது. ஆனாலும் மேஸ்திரி அளந்தார். நூலுக்கும் டயருக்கும் நடுவில் அரை விரல் வித்தியாசம்! "ரெண்டு பேரும் அனங்காத இருங்கோ" என்று சொல்லி மறுபடி அடியில் போனார்.

ஒரு மணி நேரம் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தோம். அப்போது சொல்லிவிட்டேன், கல்லை.

அக்கா திரும்பிப் பார்த்தார். "ரெண்டு வருசமா எனக்க தோள நோவ வச்சவ நீயாக்கும்!" சிரித்த சிரிப்பில் வண்டி ஆட, அடியிலிருந்து மேஸ்திரி திட்டினார்.

14 அக்டோபர்

நேராக ஓடுகிறது. அக்கா ஒரு விரலால் ஓட்டிக் காட்டினார்.

31 அக்டோபர்

அக்கா களியக்காவிளைப் பக்கமாகப் போய்விட்டார். வளைவு வரைக்கும் பச்சை தெரிந்தது. கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்தே போனேன். மறந்தேனா?

19 நவம்பர், திங்கள்

நாகர்கோவிலிலிருந்து அக்காவின் கார்டு:

"சுகுமாரி, ரெண்டு பேர் பாரத்துக்கு நேராக்கின வண்டியல்லவா? தனியாக ஓட்டினால் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. அதனால் உன் சீட்டில் அரை மூட்டை அரிசி வைத்து ஓட்டுகிறேன். கல் வந்தாலும் அது வாய் திறப்பதில்லை. பழைய நீயேதான்."