தொட்டில் தாங்கும் எடை

மார்ச் 4, திங்கள்

புதுத் தொட்டில் வந்துவிட்டது. கட்டடத்தின் வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைக்க இரண்டு பேர் நின்றபடி இறங்கும் கூண்டுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் தொட்டில். பழையது முனகிக்கொண்டே எதையும் சுமக்கும். புதியதில் ஒரு சின்னப் பலகை, சிவப்பு எண்ணில் எடை காட்டுகிறது. 225 கிலோவைத் தாண்டினால் கூவுமாம், நகராதாம்.

நானும் மச்சானும் ஏறினோம். கூவியது. 237.

சூப்பர்வைசர் பலகையைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். என்னை யாரும் பார்க்கவில்லை. போன வருட மருத்துவப் பரிசோதனையில் நான் 79 கிலோ. மச்சான் 118. பாக்கி நாற்பதும் தண்ணீரும் சாமான்களும்.

"தண்ணிய குறைச்சுக்கறோம் சார்" என்றேன்.

"அதெல்லாம் முடியாது. பன்னெண்டு வாரம் டைம் தரேன். அதுவரைக்கும் பழசுலயே போங்க. மே இருபத்தேழாம் தேதி இதுல ஏறி நில்லுங்க. கூவுச்சுன்னா ஜோடிய பிரிச்சு ஆளுக்கொரு ஒல்லியான ஆளா போட்டுடுவேன்."

மச்சான் தலையாட்டினான். பதினோரு வருட ஜோடி. அவன் என் தங்கையைக் கட்டியதே அதற்குப் பிறகுதான்.

மார்ச் 5

காலையில் பல் துலக்கும்போதும் அதே நினைப்பு. பிரித்துவிட்டால் நான் எப்படி மேலே போவேன்?

எனக்கு உயரம் என்றால் பயம். இருபத்திரண்டு மாடிக் கண்ணாடி துடைக்கிறவன் எழுதுகிற வாக்கியமா இது? ஆனாலும் அதுதான் உண்மை. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு பக்க மோட்டார் நின்றுபோய், தொட்டில் சாய்ந்து, பதினான்காம் மாடிக்கும் பதினைந்தாம் மாடிக்கும் நடுவே நாற்பது நிமிடம் தொங்கினோம். அந்த நாற்பது நிமிடமும் மச்சான் வாயை மூடவில்லை. வாங்கிய மூன்றாம் நாளே ரிப்பேரான வாஷிங் மெஷினைப் பற்றி, அதைத் திருப்பிக் கொடுக்க அவன் போட்ட சண்டையைப் பற்றி, கடைக்காரனின் மூக்கைப் பற்றி.

அன்றிலிருந்து நான் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன். கண்ணாடியை மட்டும் பார்ப்பேன், அவன் பேச்சை மட்டும் கேட்பேன். அவன் பேசிக்கொண்டே இருப்பான். எனக்காகத்தான் பேசுகிறானா, அவன் சுபாவமே அதுதானா? கேட்டதில்லை. கேட்டால் நான் சொல்லவேண்டி வரும்.

வேறொருவனோடு, அவன் பேசாமல் வந்தால்... முடியாது. அவ்வளவுதான்.

மார்ச் 6

நான் குடியிருப்பது அவர்கள் வீட்டு மாடி அறையில். சாப்பாடு கீழே, தங்கை கையால். இன்று தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மச்சான் அறிவித்தான்: "இன்னையிலருந்து பால், முட்டை, மீன், கறி, வெண்ணெய் எதுவும் கிடையாது. உயிருள்ளதுகிட்டேயிருந்து வர்ற எதையும் தொடமாட்டேன். வீகன்."

தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுக்கு இந்தக் கூத்து? கொஞ்சம் குறைச்சுச் சாப்பிட்டா போதாதா?"

"குறைச்சு சாப்பிட எனக்கு வராது. அரைத் துண்டுன்னு சொன்னா அந்த அரை எங்க முடியுதுன்னே எனக்குத் தெரியாது. தொடாதேன்னு சொல்லு, தொடமாட்டேன்."

"யானைகூடத்தான் தழை தின்னுது. இளைச்சா போச்சு?" என்றேன் நான்.

எல்லோரையும்விட அவன்தான் பெரிதாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டே வெண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினான்.

மார்ச் 7

தங்கைக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. வழக்கம்போல இரண்டு டப்பாவிலும் முட்டையும் சீஸும் வைத்த ரொட்டி. மொட்டை மாடியில் மத்தியானம் மச்சான் தன் டப்பாவைத் திறந்தான், முகர்ந்தான், மூடினான். "நீ சாப்பிடு. அப்படியே திரும்ப எடுத்துட்டுப் போனா அவ மனசு கஷ்டப்படும்." அவன் நான்கு வாழைப்பழம் தின்றான்.

மேலே சாப்பிடுவது எனக்குப் பழக்கமில்லை, பயத்தில் உள்ளே இறங்காது. என் டப்பாவை நான்கு மணிக்குக் கீழே உடை மாற்றும் அறையில்தான் திறப்பேன். ஆனால் அவனுக்கு உயிரான சீஸ். அதை ஒருவன் நம் வேலைக்காகவும் சேர்த்து விடுகிறான், நாம் இரண்டு வாய் தின்னாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எப்படி? தின்றேன். நான்கு மணிக்கு என்னுடையதையும் தின்றேன்.

மார்ச் 18, திங்கள்

எடை பார்க்கப் புதுத் தொட்டிலில் ஏறி நின்றோம். 237. ஒரு கிராம் அசையவில்லை.

குட்டு வெளிப்பட்டது. துவைப்பதற்கு முன் மச்சானின் சட்டைப் பையை உதறிய தங்கை கண்டுபிடித்தது: உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட் மூன்று, ஜாம் பிஸ்கட் உறை இரண்டு. "இதுல பால் இல்ல, முட்டை இல்ல. படிச்சுப் பார்த்துத்தான் வாங்கினேன்" என்றான் மச்சான், பரீட்சையில் பிட் அடித்து மாட்டியவன் போல. பாவம், அவன் பொய் சொல்லவில்லை. தினமும் ஒரு லிட்டர் கலர் சோடாவும் உள்ளே போயிருக்கிறது. அதிலும்தான் மாடு இல்லை.

தங்கை திட்டவில்லை. நேராகச் சந்தைக்குப் போய் பீன்ஸ், பட்டாணி, பருப்பு, காளான், கீரை என்று இரண்டு பை நிறைய வாங்கி வந்தாள். இனி அவனுக்குத் தனிச் சமையலாம். பழைய டப்பா? "கைப்பழக்கத்துல ரெண்டு கட்டிடறேன்ணா, நீ சாப்பிட்டுடு" என்றாள்.

ஏப்ரல் 1, திங்கள்

235.

இதையும் எழுதி வைக்கிறேன். இன்று அலுவலகத்தில் ஒரு அம்மாவுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டும் பொறுப்பு, யார் செய்த சதியோ, மச்சானிடம் வந்தது. முப்பது துண்டு வெட்டி முப்பது பேருக்கும் கொடுத்தான். விரலில் ஒட்டிய கிரீமைப் பேப்பரில் துடைத்தான், நக்கவில்லை. நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நானாக இருந்தால் பேப்பரையே நக்கியிருப்பேன். தன் பங்குத் துண்டை என் தட்டில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கை கழுவினான்.

இந்த ஆள் இப்படிப்பட்டவன் என்று பதினோரு வருடமாக எனக்குத் தெரியாமல் போய்விட்டதே.

ஏப்ரல் 10

மச்சானோடு மருந்துக் கடைக்குப் போனேன். பால், முட்டை எதுவும் இல்லாதவர்களுக்குக் குறையும் சத்து ஒன்று உண்டாம், பி12. அதற்கு மாத்திரை வாங்க. கடைக்காரம்மாவிடம் நான் சும்மா இருக்காமல் கேட்டேன், உண்மையிலேயே இது இளைக்க வைக்குமா என்று.

"வீகன்னு பேர் வெச்சதுக்காக யாரும் இளைக்கறதில்ல. பருப்பும் காய்கறியும் வயித்த ரொப்பும், பசி அடங்கும், கொழுப்பு கம்மி. அதனால உள்ள போறது தானா குறையும். வறுவலா தின்னா ஏறத்தான் செய்யும்."

"அது எங்களுக்கு நல்லாவே தெரியும்" என்றான் மச்சான்.

ஏப்ரல் 22, திங்கள்

233. ஏழு வாரத்தில் நான்கு கிலோ.

எனக்குப் புரியவில்லை. ஏறுமுன் ஒருவர் பாதுகாப்பு பெல்ட்டை இன்னொருவர்தான் மாட்டிவிடவேண்டும், கம்பெனி விதி. தன்னுடையதைத் தானே மாட்டினால் தவறு கண்ணில் படாதாம். அதனால் அவன் பெல்ட் என் கைக்குத் தெரியும். மூன்று ஓட்டை உள்ளே வந்திருக்கிறது. சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்குகிறது. அப்புறமும் பலகை ஏன் இறங்கமாட்டேன் என்கிறது?

பலகை பழுது என்று சூப்பர்வைசரிடம் சண்டை போட்டேன். அவர் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாக ஏற்றிக் காட்டினார். இம்மி பிசகவில்லை.

ஆத்திரத்தை மச்சான் மேல் கொட்டினேன். "இந்தத் தழை வேலைக்காகாது. ஓடு, நீந்து, ஏதாவது பண்ணு. உன்னாலதான் ஜோடி உடையப் போகுது." சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இன்னும் அஞ்சு வாரம் இருக்குல்ல மச்சான்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஏப்ரல் 25

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மச்சான் பல் வைத்தியரிடம் போய்விட்டான். சூப்பர்வைசர் என்னோடு கம்பெனியின் பெயிண்டர் ஒருவரை அனுப்பினார், ஒல்லியான ஆள், அதனால் புதுத் தொட்டிலில். மொட்டை மாடியில் பெயிண்டர் என் பெல்ட்டை மாட்டினார். "என்ன அண்ணே, கடைசி ஓட்டையில கிடக்கு. இதுக்கு மேல இடமில்லையே."

குனிந்து பார்த்தேன். வாரில் பழைய மடிப்புத் தடம் நான்கு ஓட்டை தள்ளி உள்ளே இருந்தது. வருடக் கணக்கில் நான் பூட்டிய இடம். வாரா வாரம் ஒரு கை அதைத் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறது. யூனிபார்ம் பேண்ட் எலாஸ்டிக். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

தொட்டிலில் ஏறினோம். 185. பெயிண்டர் தன் எடை 61 என்றார். சாமான் நாற்பது. கழித்துப் பார்க்க நான் பெரிய படிப்புப் படித்திருக்க வேண்டியதில்லை. எண்பத்து நான்கு. அவன் ஒன்பது கிலோவை இறக்கியிருக்கிறான், அதில் ஐந்தை நான் ஏற்றியிருக்கிறேன். அவனுடைய சீஸும் கேக்கும் வெண்ணெயும் எங்கேயும் போகவில்லை. பக்கத்திலேயே, என் மேல், அதே தொட்டிலில்தான் நின்றிருக்கின்றன.

பெயிண்டர் பட்டனை அழுத்தப் போனார். பேசாத மனிதர். காற்று மட்டும் கேட்டது. வயிற்றுவலி என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

சாயங்காலம் மச்சானை வீட்டுப் படிக்கட்டிலேயே மடக்கினேன். "என் பெல்ட்ட மாட்டறவன் நீ. உனக்குத் தெரியும். ஏன்டா சொல்லல?"

வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

"ஏழு வருஷமா மேல வந்து நீ ஒரு வாய் சாப்பிட்டதில்ல. தண்ணிகூடக் குடிக்கமாட்ட. என் டப்பாவக் குடுத்த அன்னிக்குத்தான் சாப்பிட்ட. அதைப் போய் எப்படிக் கெடுக்கறது?"

அவனுக்குக் கீழ்ப்படியில் நானும் உட்கார்ந்தேன்.

"உன் அஞ்சையும் சேர்த்து நானே இறக்கிடலாம்னு பார்த்தேன்" என்றான். "முடியும்னுதான் நினைச்சேன்."

தெரிந்திருக்கிறது. ஏழு வருடமாக அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எடையைப் பற்றிச் சொன்னால் நான் மறுபடி பட்டினி கிடப்பேன் என்று, நான் திட்டியதைக்கூட வாங்கிக்கொண்டு... இவனைப் பார்த்து நான் தழை என்றேன், யானை என்றேன்.

ஏப்ரல் 26

தங்கையிடம் சொல்லிவிட்டேன்: "இனிமே ரெண்டு டப்பாவும் ஒரே சமையல். அவனுக்கு என்னவோ அதுதான் எனக்கும்."

"உனக்கென்னண்ணா, நீ ஒல்லிதானே" என்றாள். அவள் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

ஏப்ரல் 29, திங்கள்

பீன்ஸ்.

ஏப்ரல் 30

மறுபடியும் பீன்ஸ். மனுஷன் எப்படித்தான் எட்டு வாரம் தாக்குப்பிடித்தான்?

மே 4

மொட்டை மாடியில் சாப்பிடுவதை விடவில்லை. அது அவன் போட்ட நிபந்தனை. "எதை வேணா சாப்பிடு, ஆனா மேலதான் சாப்பிடணும்." தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அவன் வாஷிங் மெஷின் கதையை எடுத்துவிடுகிறான். கடைக்காரன் மூக்கு வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே போகிறது.

காலைக் காபியில் மட்டும் எனக்குப் பால் இருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை. தெரியாமலா இருக்கும்.

மே 13, திங்கள்

228. பெல்ட்டை மாட்டிவிட்டு மச்சான் என் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டினான். ஒரு ஓட்டை உள்ளே.

மே 20, திங்கள்

226. பசி இல்லை, ஆசைதான். முட்டை பொரிக்கும் வாசம் வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறேன். அவன் கதவெல்லாம் சாத்துவதில்லை. அடுப்புப் பக்கத்திலேயே நின்று தன் மகளுக்கு முட்டையைத் திருப்பிப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து பட்டாணி சாப்பிடுகிறான். இந்த ஜென்மத்தில் எனக்கு அது வராது.

மே 27, திங்கள்

வீட்டுத் தராசில் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். அவன் 104. நான் 80.

சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் முழுசாக நிரப்பினோம். அவன் என் பெல்ட்டை மாட்டினான், நான் அவன் பெல்ட்டை மாட்டினேன். ஏறினோம். 224. கூவவில்லை.

"பரவாயில்லையே. யார் எவ்வளவு குறைஞ்சீங்க?"

கணக்குப்படி அவன் பதினான்கு குறைந்திருக்கிறான், நான் ஒன்று கூடியிருக்கிறேன். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் தனித்தனியா பார்க்கல சார்" என்றான் மச்சான். "சேர்த்துத்தானே காட்டுது."

அவர் ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார். தெற்குப் பக்கம் பதினெட்டாம் மாடி வரை முடித்தோம். நாளையிலிருந்து என்ன சாப்பிடப் போகிறாய் என்று கேட்டேன். "இதேதான். பழகிப்போச்சு. முழங்காலும் வலிக்கறதில்ல" என்றான்.

மத்தியானம் மேலே டப்பாவைத் திறந்தோம். பீன்ஸ், உப்பு கொஞ்சம் குறைவு. பாதி சாப்பிட்ட பிறகுதான் கவனித்தேன், நான் தெருப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். கீழே ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது, அதன் கூரை மேல் யாரோ எறிந்த பந்து ஒன்று கிடந்தது. பஸ் மறையும்வரை பார்த்தேன்.

மச்சான் இன்று கதை எதையும் எடுக்கவில்லை. பேசாமல் மென்றுகொண்டிருந்தான். நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.