துரையின் கைக்குட்டை

லண்டன், 14 நவம்பர் 1957

எங்களிடம் தோல் வாங்கும் வெள்ளைக்காரத் துரை, போன வருஷம் எங்கள் ஊர் பேகம்பூருக்கு வந்தபோது, தோல் பதனிடும் எங்கள் ஷாப்பு வாசலிலேயே வாடை தாங்காமல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அம்மா கொடுத்தனுப்பிய டீயைத் தொடக்கூட இல்லை. இன்று நானும் மச்சான் காதரும் அவருடைய கிடங்கைத் தேடி, புகையும் கரியும் அப்பிய தெருக்களில் அலைந்தோம். அவர் தெருமுனையிலேயே அதே வாடை குப்பென்று அடித்தது.

“மச்சான், நம்ம ஷாப்பு வாடைதானே இது? இதுக்கா அந்தாளு அம்புட்டு அலட்டுனான்?” என்றான் காதர்.

வாசலுக்கு வந்த துரை, லண்டன் எப்படி இருக்கிறது என்று பெருமையாகக் கேட்டார். பிரமாதம் என்றேன். அவர் கொடுத்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தேன். சரக்கை அவர்தானே எடுக்க வேண்டும்.

இப்போது கோட்டைக் கழற்றினால், பையில் என் கைக்குட்டை மடிப்புக்கூடக் கலையாமல் இருக்கிறது.